பின்னிருக்கையை மறந்த ஆல்ட்ரேஷன்

அஸர் தொழுகைக்குப் பின் நாகல் நகரின் தெருக்களில் சற்று நடந்து பாருங்கள். ஏதேனும் ஒரு வீட்டு வாசலில், பாதி பிரிக்கப்பட்ட நிலையில் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்று கொண்டிருக்கும். அதனைச் சுற்றி மூன்று நான்கு வாலிபர்கள் குந்தியிருப்பார்கள். "என்ன தம்பி, ரிப்பேரா?" என்று வினவினால், "இல்லை ஹஜ்ரத், ஆல்ட்டர் பண்றோம்" என்று உற்சாகமாகப் பதில் வரும்.

பெற்றோர்கள் இதனை இரண்டு விதமாக எதிர்கொள்கின்றனர். ஒரு சாரார், "காசைக் கரியாக்குகிறான்" என்று ஏசுகின்றனர். மற்றொரு சாரார், கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக் கொள்கின்றனர். இவ்விரண்டுமே போதாது என்பது எனது கருத்து. ஓர் இயந்திரத்தைத் தன் கையால் பிரித்து மீண்டும் பூட்டக் கற்றுக்கொள்ளும் பிள்ளை வீண் வேலை செய்யவில்லை. கைத்தொழில் அறிவு எங்கிருந்து வந்தாலும் நல்லதே. ஆனால் எதைக் கழற்றலாம், எதைத் தொடவே கூடாது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அத்தாமார்களும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க வேண்டும் என்ற எண்ணத்திலேயே இதனை எழுதுகிறேன்.

முதலில் கழற்றப்படுவது எது?

வண்டியை அழகுபடுத்த முனையும் வாலிபர் முதலாவதாக எதைக் கழற்றுகிறார் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பின்சக்கரத்தின் ஓரத்தில் இருக்கும் சாரி கார்டைத்தான். அடுத்து செயின் கவர். அதன்பின், பின்னால் அமர்பவர் பற்றிக்கொள்ளும் கைப்பிடிக் கம்பி. பிறகு பின் மட்கார்டு, கண்ணாடிகள். இவையெல்லாம் போனால் வண்டி ஒல்லியாக, பாய்வதற்குத் தயாராக நிற்பது போன்ற தோற்றம் வருகிறது என்பது உண்மையே. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கண்ணாடியைத் தவிர ஏனையவை யாவும் யாருக்காக அங்கே வைக்கப்பட்டன? பெரும்பாலும் பின்னால் அமர்பவருக்காக. நம் இல்லங்களில் பின்னால் அமர்பவர் யார்? தாயார், மனைவி, சகோதரி, மத்ரஸாவுக்குச் செல்லும் சிறு பிள்ளை.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி இதனைத் தெளிவாகக் கூறுகிறது. பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால் வைக்க ஃபுட் ரெஸ்ட்டும் இருக்க வேண்டும். அவரது ஆடை சக்கரத்தில் சிக்காதவாறு பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதி மறைக்கப்பட்டிருக்க வேண்டும். சட்டம் எழுதியவர்கள் சேலையை மனத்தில் வைத்து எழுதியிருப்பார்கள். நமக்கோ அதனுடன் புர்காவும் துப்பட்டாவும் சேர்ந்து கொள்கின்றன.

18 அங்குல விளிம்புள்ள சக்கரம் டயருடன் சேர்த்து ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக உருள்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 6 முறை சுழலும். ஒருக்களித்து அமர்ந்திருக்கும் பெண்ணின் ஆடை முனை போக்ஸ் கம்பிகளுக்குள் அகப்பட்டால், "நிறுத்து" என்று கூவுவதற்குக்கூட அவகாசம் இராது. பற்றிக்கொள்ளக் கம்பியும் இல்லையென்றால் அவர் சாலையில்தான் விழுவார். ஆகவே தம்பிமார்களே, உங்கள் வண்டியில் வேறு எதைச் செய்தாலும் செய்யுங்கள். இந்த மூன்றையும் கழற்றாதீர்கள். அழகு போதவில்லையென்றால் சாரி கார்டைக் கழற்றாமல் கறுப்பு வர்ணம் பூசுங்கள். அது சட்டகத்தோடு ஒன்றிப் போய் கண்ணுக்கு உறுத்தாது.

தனியே ஓட்டியவர்களின் பாணி

இந்தப் பாணி எங்கிருந்து வந்தது என்பதையும் அறிந்து கொள்வது நல்லது. இங்கிலாந்தில் 1950களிலும் 60களிலும் வாலிபர்கள் தம் வண்டிகளின் கனத்தைக் குறைத்து, ஹேண்டில் பாரைத் தாழ்த்தி, ஒற்றை இருக்கை வைத்துக்கொண்டு சாலையோர காப்பிக் கடைகளுக்கிடையே வேகமாக ஓட்டினர். லண்டனில் 1938இல் தொடங்கப்பட்ட ஏஸ் கஃபே அவர்கள் கூடிய இடங்களுள் புகழ்பெற்றது. 'கஃபே ரேசர்' என்னும் பெயர் இவ்வாறே பிறந்தது. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மட்கார்டை வெட்டிக் குறைக்கும் 'பாபர்' வகையும், முன்பக்க ஃபோர்க்கை நீட்டி வைக்கும் 'சாப்பர்' வகையும் பரவின.

நம் மாநிலத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெடிச் நகரில் பிறந்த வண்டி. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டு, திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. இங்கிலாந்துத் தாய் நிறுவனம் மூடப்பட்ட பின்னரும் சென்னை வண்டி நிற்கவில்லை. 1960களில் ரெடிச்சில் வெளிவந்த கான்டினென்டல் ஜிடி என்ற கஃபே ரேசர் வகையின் பெயர், 2013இல் சென்னைத் தயாரிப்பாக மீண்டும் சந்தைக்கு வந்தது. இன்று நம் பிள்ளைகள் பார்த்து ஏங்கும் படங்களில் பாதி இந்த வழியில் வந்தவையே.

ஆனால் அந்த ஆங்கிலேய வாலிபர் தன்னந்தனியே ஓட்டினார். அவர் பின்னால் தாயாரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அவருக்குப் பொருந்திய வடிவத்தை அப்படியே எடுத்து நம் குடும்ப வண்டியின் மேல் ஏற்றும்போதுதான் கோளாறு வருகிறது.

உண்மையில் ஆல்ட்ரேஷன் என்பது நமக்குப் புதிதல்ல. 1980இல் இருவர் அமரக்கூடிய டிவிஎஸ் 50 மொபெட் வந்த நாள்முதலாக, அதில் எத்தனை விதமான கொக்கிகளையும் தட்டுகளையும் நம் சிறு வியாபாரிகள் பொருத்தியிருக்கிறார்கள்! பால்காரரின் கேன் தொங்கும் கொக்கி, துணி வியாபாரியின் அகன்ற கேரியர், காய்கறிக்காரரின் தராசுத் தட்டு. யாரும் இவர்களைப் படம் பிடித்துப் போடுவதில்லை. ஆனால் தன் பிழைப்புக்கும் தன் உடலுக்கும் பொருந்துமாறு வண்டியை அமைப்பது என்ற கலையில் இவர்கள்தாம் மூத்தவர்கள். அதிலும் சிறந்தது, கால் ஊனமுற்றோருக்காக ஸ்கூட்டரின் பின்புறம் இரு துணைச் சக்கரங்களைப் பொருத்துவது. இதற்குச் சட்டமே தனி இடம் கொடுத்திருக்கிறது. தமிழக அரசும் அத்தகைய ஸ்கூட்டர்களை மாற்றுத் திறனாளிகளுக்கு இலவசமாக வழங்கி வருகிறது.

சட்டத்தின் எல்லைக்கோடு

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் குறிக்கப்பட்ட விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள்.

எனவே சட்டகத்தை வெட்டுவது, வேறு எஞ்சின் வைப்பது, நீளத்தைக் கூட்டுவது ஆகியவை தொடக்கக்காரருக்கு மட்டுமல்ல, யாருக்குமே ஆகாதவை. வர்ணத்தை மாற்றலாம், ஆனால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பதிவுச் சான்றிலும் அந்த வர்ணத்தைக் குறித்து வாங்கிவிட வேண்டும். இருவர் அமர்வதாகப் பதிவான வண்டியில் ஒற்றை இருக்கை வைத்தாலும் கேள்வி எழும். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அப்போது ஆய்வாளர் முன் வண்டி நின்றாக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். விபத்து நேர்ந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்க முயலக்கூடும்.

அத்தாமார்களுக்குத் தனியே ஒரு சொல். 2019 திருத்தத்தின்படி 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பத்தாம் வகுப்பில் தேறியதற்குப் பரிசாக வண்டி வாங்கிக் கொடுப்பவர்கள் இதனை ஒருமுறை படித்துக் கொள்ளட்டும்.

சைலன்ஸரைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. அதைத் தொடாதீர்கள். 80 முதல் 175 சிசி வரையிலான வண்டிகளுக்குத் தயாரிப்பு நிலையில் 77 டெசிபல் என்ற வரம்பு உண்டு. உள்ளேயிருக்கும் தடுப்பை எடுத்துவிட்டுத் தெருவை அதிர வைப்பதனால் வேகம் கூடிவிடுவதில்லை. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில் ஜெட்டைச் சரிசெய்யாமல் சைலன்ஸரை மட்டும் திறந்துவிட்டால் எரிகலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கும் பாகமும் ஆக்ஸிஜனை உணரும் கருவியும் அந்தக் குழாயோடு சேர்ந்தவை. அண்டை வீட்டில் பச்சிளங் குழந்தை உறங்குகிறது, நோயாளி படுத்திருக்கிறார். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

தொடங்கும் முறை

மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய யமஹா ஆர்எக்ஸ் 100ஐத் தேடி அலைபவர்கள் நம்மூரிலும் இருக்கிறார்கள். அந்த வண்டியின் தயாரிப்பு 1996இலேயே நின்றுவிட்டது. மலிவு என்பதும் இன்று அதற்குப் பொருந்தாது. தொடக்கக்காரருக்கு ஏற்றது, வீட்டில் ஏற்கெனவே நிற்கும் சாதாரண 100 அல்லது 125 சிசி வண்டிதான். உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். தவறினாலும் அதிகம் நஷ்டமில்லை. வெளியில் பழைய வண்டி வாங்குவதானால் பதிவுச் சான்றில் உள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்களும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தபின் பணம் கொடுங்கள். கடன் பாக்கியின்றி அடமானப் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

முதல் மாதம் எதையும் மாற்றாதீர்கள். வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுவருவதே முதல் ஆல்ட்ரேஷன். செயினின் தொய்வைப் பாருங்கள். வண்டியுடன் வரும் கையேடு அதற்கு அளவு சொல்லும், சிறிய வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை. பிரேக் ஷூ, கேபிள்கள், ஏர் ஃபில்டர், ஸ்டீரிங் பேரிங் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துப் பூட்டுங்கள். இதிலேயே வண்டியின் மொழி உங்களுக்குப் புரிந்துவிடும். ஓசை நன்றாயிருக்கிறது என்று ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு ஓட்டுவோர் உண்டு. நம் திண்டுக்கல் சமவெளியின் கோடைப் புழுதி நேரே சிலிண்டருக்குள் சென்று பிஸ்டனைத் தேய்க்கும்.

கருவிகள் அதிகம் வேண்டியதில்லை. 8 முதல் 17 வரையிலான ரிங் ஸ்பேனர்கள், 10, 12, 14 அளவுகளில் டி ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், நல்ல ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, ஆலன் கீ ஒரு தொகுதி, ஓர் அரம். பிரிக்கும் முன் ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுத்துக் கொள்ளுங்கள். கழற்றிய போல்ட்டுகளைப் பழைய டப்பா மூடிகளில் போட்டு, எந்தப் பகுதிக்குரியவை என்று சீட்டெழுதி வையுங்கள். ஒரே நேரத்தில் இரு இடங்களைப் பிரிக்காதீர்கள்.

அரத்தைப் பற்றிச் சொல்லும்போது நம் ஊர்ப் பூட்டுத் தொழில் நினைவுக்கு வருகிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, நாகல் நகர்ப் பட்டறைகளிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கையால் செய்யப்பட்டு வந்தது. மாங்காய்ப் பூட்டின் உள்ளே இருக்கும் நெம்புகோல் தகடுகளைச் சாவிக்கேற்ப அராவும் முதியவரைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு இழுப்பு அராவுவார், பொருத்திப் பார்ப்பார், மீண்டும் இரண்டு இழுப்பு. அதிகம் அராவிய இரும்பை மீண்டும் ஒட்ட முடியாது என்பது அவருடைய கைக்குத் தெரியும். அந்தத் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. வண்டியின் பிராக்கெட் ஒன்றைச் செய்து பழக விரும்பும் பிள்ளை, அவர்களிடம் ஒரு வாரம் உட்கார்ந்து அரம் பிடிக்கக் கற்றுக்கொண்டால் எவ்வளவோ நன்மையுண்டு.

இனி, செய்யத்தக்க மாற்றங்கள். முதலாவது ஹேண்டில் பார். முதுகுவலியுள்ளவருக்குச் சற்று உயர்ந்ததும், குட்டையானவருக்குச் சற்றுப் பின்னோக்கி வளைந்ததும் பெரும் நிம்மதி தரும். ஆனால் இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. உயரமான பார் வைத்துவிட்டுப் பழைய கேபிளையே இழுத்துக் கட்டினால், திருப்பும்போது ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபட்டு வண்டி தானே வேகம் எடுக்கும். பொருத்தியபின் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் ஓசை சிறிதளவும் மாறக் கூடாது. கிளட்ச், பிரேக் கேபிள்கள் இறுகக் கூடாது. டாங்கிக்கும் கைப்பிடிக்கும் நடுவில் விரல்கள் நசுங்காத இடைவெளி வேண்டும்.

இரண்டாவது இருக்கை. ஸ்பஞ்சை மாற்றி, இடுப்புக்கு ஏற்றவாறு செதுக்கி, புதிய உறை தைப்பது செலவு குறைந்த, பலன் மிகுந்த வேலை. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நம் சமுதாயத்தாரிடம் இருந்து வந்தது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலின் மணம் பேகம்பூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மறக்காது. தோலில் உறை தைத்தால் பார்வைக்கு ஈடில்லை. ஆனால் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்தால் விறைத்து வெடிக்கும். அவ்வப்போது எண்ணெய் பூசவேண்டும். அதற்குப் பொறுமையில்லாதவர்கள் ரெக்ஸினோடு நிறுத்திக் கொள்ளலாம். பின்பகுதியை மெலியச் செய்யாதீர்கள். ஒருக்களித்து அமரும் பெண்களுக்கென்று இடப்புறம் அகலமான கால்மிதி ஒன்று தனியே கிடைக்கிறது. நான் பார்த்தவரை, ஒரு வீட்டில் வண்டிக்குச் செய்யப்பட்ட மாற்றங்களுள் எல்லோருடைய துஆவையும் பெற்றுத் தந்தது அந்தச் சிறு இரும்புத் தகடுதான்.

டயரில் ஆசை அதிகம், அறிவு குறைவு. டயரின் பக்கவாட்டில் 2.75-18 என்றிருந்தால் அகலம் 2.75 அங்குலம், விளிம்பின் விட்டம் 18 அங்குலம். 100/90-17 என்றிருந்தால் அகலம் 100 மில்லிமீட்டர், உயரம் அதில் 90 விழுக்காடு, விளிம்பு 17 அங்குலம். பழைய ஒடுங்கிய விளிம்பில் மிக அகன்ற டயரை மாட்டினால் அதன் தோள் குறுகி, சாலையைத் தொடும் வடிவமே கெட்டுவிடும், செயினிலும் உரசக்கூடும். தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே நல்ல டயர் வாங்குவது மேல்.

விளக்கு. 12 வோல்ட் வண்டியில் 35 வாட் பல்பு ஏறத்தாழ 3 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். மெல்லிய பழைய ஒயர் அதனைத் தாங்காமல் உருகும், சுவிட்சும் கருகும். எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும் குற்றம் வேறு. ஒயரில் கைவைக்குமுன் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். இணைப்பை வெறும் டேப்பால் சுற்றாமல் பற்றவைத்து உறை மாட்டுங்கள். ஃபியூஸ் இருக்குமிடத்தில் ஒருபோதும் கம்பியைச் சுற்றாதீர்கள்.

வர்ணம் பூசுவதுதான் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை. நானும் அதைக் குறை சொல்ல மாட்டேன். வாட்டர் பேப்பரால் பழைய வர்ணத்தைத் தேய்த்து, பள்ளத்தைப் பட்டியால் நிரப்பி, பிரைமர் அடித்து, காயவிட்டு, மீண்டும் தேய்த்து, அதன்பின் மெல்லிய படலங்களாக வர்ணம். ஒரே அடியில் கனமாக அடித்தால் வழியும். முகத்துக்குக் கவசமும் காற்றோட்டமும் வேண்டும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: டாங்கியில் ஓட்டை இருந்தாலோ நசுங்கியிருந்தாலோ நீங்களாக வெல்டிங் வைக்க எடுத்துச் செல்லாதீர்கள். காலி டாங்கிதானே என்ற எண்ணமே உயிரைக் குடிக்கும். பெட்ரோல் ஊற்றிவிட்ட பின்னும் உள்ளே நிற்கும் ஆவி தீப்பொறி பட்டால் வெடிக்கும். அந்த வேலை அனுபவமுள்ளவருக்கே உரியது. நம்பர் பிளேட்டில் எந்த வாசகமும் படமும் எழுதாதீர்கள். 2019 ஏப்ரல் 1 முதல் விற்கப்பட்ட புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம், அதைக் கழற்றி அலங்காரத் தகடு மாட்டுவதும் குற்றமே.

எல்லாம் பூட்டியாயிற்று என்றவுடன் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் சோதித்துப் பார்க்கக் கிளம்பாதீர்கள். முதல் ஓட்டம் ஆளரவமற்ற சமதரையில், ஹெல்மெட்டுடன், தனியாக. பத்து கிலோமீட்டர் வேகத்தில் முன்பிரேக், பின்பிரேக், ஹாரன், விளக்கு அனைத்தையும் பாருங்கள். திரும்பி வந்து வீல் நட்டுகள், ஹேண்டில் பார் போல்ட்டுகள், பிரேக் இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். சில நாட்கள் உள்ளூரிலேயே ஓட்டி, நூறு கிலோமீட்டர் ஆனதும் எல்லா போல்ட்டுகளையும் மறுபடியும் இறுக்குங்கள். புதிதாகப் பூட்டியவை அந்த அளவில்தான் தளரத் தொடங்கும். அதன்பிறகே பின்னிருக்கையில் ஆளை ஏற்றுங்கள். கழற்றிய பழைய பாகங்களை எடைக்குப் போடாமல் சாக்கில் கட்டிப் பரணில் வையுங்கள். பதிவைப் புதுப்பிக்கும் நாளிலோ, வண்டியை விற்கும் நாளிலோ அவற்றைத் தேட வேண்டி வரும்.